ஒரே ஒரு ஹெச், எழுநூறு பவுண்ட்: பாப்பாவுக்கு காலிக் பேர் வச்ச கதை

போன வாரம் எடின்பரோல இருக்கிற ஒரு திருச்சிப் பொண்ணு போன் பண்ணுச்சு. "அக்கா, இவங்க வீட்ல குழந்தைக்கு காலிக் பேருதான் வைக்கணும்ங்கிறாங்க, நீங்க எப்படி வச்சீங்க"ன்னு கேட்டா. காலிக்னா ஸ்காட்லாந்தோட பழைய மொழி. ஒன்றரை மணி நேரம் பேசிட்டு போன வச்சப்பதான் தோணுச்சு, இதுல பாதிய 2019ல எனக்கு யாராவது சொல்லிருந்தா எவ்ளோ அழுகை மிச்சமாயிருக்கும், எவ்ளோ காசு மிச்சமாயிருக்கும்னு. அதான் உக்காந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் திருநெல்வேலிப் பக்கம். கிளாஸ்கோவுக்கு படிக்க வந்து, வேலை கிடைச்சு, இங்கயே கல்யாணம் ஆயிடுச்சு. இவருக்கு அபர்டீன்ல இருந்து ஹெலிகாப்டர்ல போற எண்ணெய் மேடை வேலை, மூணு வாரம் கடல்ல, மூணு வாரம் வீட்ல. இவர் அம்மா ஸ்காட்லாந்துக்கு வடமேற்க இருக்கிற லூயிஸ் தீவுல பொறந்தவங்க, அங்க பெரிய ஊரான ஸ்டோர்னவேல இருந்து அரை மணி நேரம் தள்ளி ஒரு கிராமம். அவங்களுக்கு காலிக்தான் தாய்மொழி. ஆனா இவர் வளந்தது கிளாஸ்கோல, அதனால இவருக்கு வர்ற காலிக் நம்ம சென்னைப் பிள்ளைங்க "எனக்கு தமில் புரியும் ஆண்ட்டி"ன்னு சொல்லுமே, அந்த லெவல்தான். 2011 கணக்கெடுப்புல ஸ்காட்லாந்து முழுக்க காலிக் பேசத் தெரிஞ்சவங்களே சுமார் 57 ஆயிரம் பேருதான், நாட்டோட மக்கள்தொகை 53 லட்சம். காலிக் பேசுறவங்க மொத்தமே நம்ம ஊர்ல ஒரு நகராட்சி அளவு ஜனம்தான். அதுனால மொழி போனாலும் பேராவது நிக்கட்டும்னு இவருக்கு ஒரு ஏக்கம், அதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல. (ஒரு சின்ன விஷயம், ஸ்காட்லாந்து மொழிய அவங்க காலிக்னுதான் சொல்வாங்க. கேலிக்னு சொன்னா அயர்லாந்து மொழின்னு நெனச்சுப்பாங்க. நான் ஒரு வருஷம் மாமியார்கிட்டயே தப்பாத்தான் சொல்லிட்டு இருந்தேன், பாவம் ஒண்ணும் சொல்லல.)

நாலாம் மாசத்துலயே பேர் தேட ஆரம்பிச்சாச்சு. மொத தப்பு, நெட்ல இருக்கிற குழந்தைப் பேர் பட்டியல நம்பினது. அதுல எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டி வச்சிருப்பாங்க. எனக்கு நீவ்ங்கிற பேர் ரொம்ப பிடிச்சுது, எழுத்தப் பாத்தா நியம்ஹ்னு இருக்கும், படிக்கிறது நீவ். அப்புறம் ஈஃபா, சீர்ஷா. ஆசையா லிஸ்ட் எழுதி வச்சா இவர் பாத்துட்டு "இதெல்லாம் ஐரிஷ்"னுட்டார். ரெண்டும் அக்கா தங்கச்சி மொழிதான், ஆனா பேர் வேற, எழுத்துமுறை வேற, குடும்பத்துக்குள்ள அந்த வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டு. மலையாளப் பேர எடுத்துட்டு வந்து இதுவும் தமிழ்தானேன்னு சொன்னா நம்ம ஆச்சி எப்படிப் பாப்பா, அப்படி. ஃபியோனா மாதிரி பழங்காலப் பேர்னு நாம நெனைக்கிறது சிலது 18ஆம் நூற்றாண்டுல ஜேம்ஸ் மேக்ஃபெர்சன்ங்கிற கவிஞர் எழுதினதுக்கு அப்புறம்தான் புழக்கத்துக்கே வந்துச்சாம். அது ஒண்ணும் குத்தம் இல்ல, ஆனா "ரெண்டாயிரம் வருஷப் பாரம்பரியம்"னு பட்டியல்ல போட்டிருந்தா அப்படியே முழுங்காதீங்க.

அடுத்தது எங்க வீட்டுக் காது. இத சிரிப்பா எடுத்துக்காதீங்க, ரொம்ப முக்கியம். நான் ஒவ்வொரு பேரையும் அம்மாவுக்கு போன்ல சொல்லிப் பாப்பேன். இங்க பொண்ணுங்களுக்கு ஐலான்னு நெறைய வைப்பாங்க, ஐலேங்கிற தீவோட பேர்ல இருந்து வந்தது. அம்மா சொன்னா, "என்னட்டி, அயிலை மீனா?" முடிஞ்சுது. அடுத்து ஐயோனா. அது ரொம்பப் புனிதமான தீவு, 563ல புனித கொலம்பா வந்து மடம் கட்டின இடம்னு நான் வரலாறே சொல்றேன், அம்மா கேக்கவே இல்ல. "ஐயோன்னு ஆரம்பிக்கிற பேர பச்சப்புள்ளைக்கு வைப்பியா நீ? வாயில அடி." ஏலின்னு ஒண்ணு, இங்க ஸ்கூலுக்கு ஸ்கூல் நாலு இருக்கும். அழகான பேரு. எழுதுறப்ப கடைசில டி ஹெச்னு (dh) ரெண்டெழுத்து இருக்கும், அதுக்கு சத்தமே கிடையாது. எங்க சித்தப்பா பையன் ரெண்டே நாள்ல அத எலி ஆக்கிட்டான். இவர் பாட்டி வழில பெய்க்கின்னு ஒரு பேர், மார்கரெட்டோட செல்லப் பேர். அத நான் அம்மாகிட்ட சொல்லவே இல்ல, பேய்னு காதுல விழும்னு எனக்கே தெரிஞ்சுது. மோரக்னு சொன்னதுக்கு அப்பா "மோர் எதுக்கு"ன்னு கேட்டார்.

லூயிஸ்காரங்க சொந்தப் பழக்கம் இன்னும் வேடிக்கை. பையன் பொறப்பான்னு எதிர்பாத்து பொண்ணு பொறந்துட்டா தாத்தா பேர விடமாட்டாங்க, பின்னால ஒரு ஈனாவ ஒட்டிடுவாங்க. முர்டோவுக்கு முர்டீனா, டொனால்டுக்கு டொனால்டீனா, கென்னத்துக்கு கென்னத்தீனா. நெஜமாவே. இவர் அப்பாவ பெத்த பாட்டி பேரு முர்டீனா. அது வேண்டாம்னு நான் ஒரே பிடியா நின்னதுக்கு இவரும் சந்தோஷமா தலையாட்டிட்டார்.

கடைசில பேர் தானா வந்துச்சு. மாமியாரோட அம்மா பேர் மாரி. மேரிக்கு காலிக்ல மாரி, ஏறக்குறைய நம்ம மாரிதான். என் அம்மாவோட அம்மா, எங்க ஆச்சி, பேரு மாரியம்மாள். நானும் இவரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு இருந்தோம் கொஞ்ச நேரம். ஸ்காட்லாந்துலயும் மொத பொண்ணுக்கு அம்மாவ பெத்தவ பேரு, மொத பையனுக்கு அப்பாவ பெத்தவர் பேருன்னு ஒரு வரிசை உண்டு, நம்ம ஊர்ல பெயரன்தானே பேரன் ஆச்சு, அதே கதை. நமக்கு மாரின்னா மழை, கிளாஸ்கோல பொறக்கிற பிள்ளைக்கு இதவிடப் பொருத்தமா என்ன கிடைக்கும். இன்னொண்ணு மாமியார் சொன்னாங்க, ஏசுவோட அம்மாவுக்கு காலிக்ல மோயிரன்னு தனிப் பேராம், மனுஷங்களுக்குத்தான் மாரியாம். சாமி பேர மனுஷங்களுக்கு வைக்கக் கூடாதுங்கிற மரியாத. நம்ம ஊர்ல அம்மன் பேர வைக்கிறதே மரியாத. எங்க அம்மாவுக்குத்தான் கொஞ்சம் மனசில்ல, "இந்தக் காலத்துல எவ மாரின்னு வைக்கா, பட்டிக்காட்டுப் பேரு"ன்னா. ஆச்சிகிட்ட சொன்னப்ப அவ ஒண்ணும் பேசல, போன அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிட்டா. அப்புறம் அம்மா சொன்னா, பூசை ரூம்ல போய் உக்காந்துட்டாளாம்.

இனிமேதான் கூத்து. பாப்பா 2019 பிப்ரவரில பொறந்தா. இவர் பன்னெண்டு நாள் கூட இருந்துட்டு மேடைக்குக் கெளம்பிட்டார். பர்மிங்காம்ல இருக்கிற என் ஃப்ரெண்ட் "பேர் பதிய ஆறு வாரம் டைம் இருக்கு, நிதானமா பண்ணு"ன்னு சொல்லிருந்தா. அது இங்கிலாந்துக்கு, 42 நாள். ஸ்காட்லாந்துல 21 நாள்தான். எனக்கு இது தெரிய வந்தப்ப பாப்பாவுக்கு 17 நாள். கல்யாணம் ஆனவங்கன்னா அப்பா அம்மாவுல ஒருத்தர் போனா போதும், ஸ்காட்லாந்துல எந்தப் பதிவு ஆபீஸ்லயும் பதியலாம். ஆனா அப்பாயின்மென்ட் வாங்கணும். அடிச்சுப் பிடிச்சு 19வது நாள் காலைல ஒரு ஸ்லாட் கெடச்சுது. தையல் வலி, தூக்கம் இல்ல, வெளிய மழை, பிள்ளைய கட்டித் தூக்கிட்டு ஒத்தையா பஸ்ஸுல போறேன். அழுதுகிட்டேதான் போனேன், மறைக்கல.

இவர் போறதுக்கு முன்னாடி வாட்ஸப்ல ஸ்பெல்லிங் அனுப்பிருந்தார், எம் ஏ ஐ ஆர் ஐன்னு. ஆனா நான் ஆபீஸுக்குப் போறதுக்கு முந்தின நாள்தான் மாமியார்கிட்ட இருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்துச்சு. கையால அழகா காலிக்ல நாலு வரி எழுதி, நடுவுல பேர். அதுல எம்முக்கு அடுத்து ஒரு ஹெச் இருந்துச்சு. எம் ஹெச் ஏ ஐ ஆர் ஐ. நான் என்ன நெனச்சேன், இவருக்குத்தான் காலிக் அரைகுறை, அத்தை எழுதினதுதான் சரியா இருக்கும்னு. நெட்ல போட்டுப் பாத்தேன், ஹெச் வச்ச பேரும் நெறைய வருது, "மேரியின் காலிக் வடிவம்"னு போட்டிருக்கு. சரின்னு ஆபீஸ்ல அட்டையவே எடுத்துக் காட்டினேன் பெருமையா. பதிவாளர் அம்மா டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்து, "நல்லா பாத்துக்கோங்க, கையெழுத்து போட்டா முடிஞ்சுது"ன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. எழுத்தெழுத்தா பாத்தேன். அட்டைல இருந்த மாதிரியே இருந்துச்சு. போட்டேன். அவங்க அப்ப பேர வாய்விட்டுப் படிக்கல, நானும் படிக்கச் சொல்லல. நீங்க தயவுசெஞ்சு படிக்கச் சொல்லுங்க. பேனா எடுக்குறதுக்கு முன்னாடி, எதுத்தாப்புல இருக்கிற ஸ்காட்லாந்துக்காரர் அந்தப் பேர சத்தமா படிக்கட்டும், அரை நிமிஷம் ஆகாது.

வீட்டுக்கு வர்ற ஹெல்த் விசிட்டர் அடுத்த வாரம் ஃபைல பாத்துட்டு "எப்படி இருக்கா வாரி"ன்னாங்க. நான் மாரின்னு திருத்தினேன். அவங்க ஒரு மாதிரி பாத்துட்டு சரின்னாங்க. டாக்டர் ஆபீஸ்ல ரிசப்ஷன்ல "வாரி"ன்னு கூப்பிட்டாங்க, நான் நம்மள இல்லன்னு உக்காந்திருந்தேன், முறை போச்சு, இன்னும் நாப்பது நிமிஷம் வெயிட்டிங். எனக்கு ஒரே எரிச்சல், இந்த ஊர்க்காரங்களுக்கு அவங்க சொந்தப் பேரே படிக்கத் தெரியலையேன்னு. இவர்கிட்ட போன்ல புலம்பினேன், லைன் விட்டு விட்டு வந்துச்சு, இவரும் "மாரிதான், மாரிதான்"னார். அவருக்கு நான் என்ன ஸ்பெல்லிங் குடுத்தேன்னே தெரியாது, சர்டிபிகேட்ட போட்டோ எடுத்து அனுப்பணும்னு எனக்கும் தோணல. அதே பேர்ல பாஸ்போர்ட்டும் போட்டாச்சு, அப்ப குழந்தைக்கு ஆன்லைன்ல 49 பவுண்ட். ஆடி மாசம் எங்க ஊர் அம்மன் கோயில் கொடைக்கு போய் அங்க வச்சு பேர் விடுறதுன்னு டிக்கெட் போட்டாச்சு, பாப்பாவுக்கு விசாவும் எடுத்தாச்சு. பேர் எழுதின மரப் பலகை, பேர் தச்ச போர்வைன்னு அதுக்கு வேற ஒரு 52 பவுண்ட். ஊர்ல சித்தப்பா பையன் ஒரு படி மேல போய் என் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க வச்சு ஃப்ளெக்ஸ் அடிச்சிட்டான். நாலடிக்கு ஆறடி, பாப்பா போட்டோ, கீழ கொட்டை எழுத்துல "மஹைரி".

மே மாசம் இவர் லீவுல வந்தப்ப லூயிஸ் போனோம். கிளாஸ்கோல இருந்து உல்லாபூல் வரைக்கும் கார், அங்க இருந்து கப்பல் ரெண்டே முக்கால் மணி நேரம், பாப்பா பூரா தூக்கம், நான் பூரா வாந்தி. வீட்டு வாசல்ல காலெடுத்து வைக்கிறோம், மாமியார் ரெண்டு கையையும் நீட்டிட்டு வர்றாங்க, "ஆ வாரி! ஆ வாரி வெக்!" எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. இவங்களுமா? அடுத்த நிமிஷமே உள்ள திரும்பி பக்கத்து வீட்டம்மாகிட்ட காலிக்ல ஏதோ சொல்றாங்க, அதுல தெளிவா "மாரி"ன்னு விழுது. ஒரே வாய், ஒரே மூச்சு, ரெண்டு பேர்.

"அத்தை, இவ பேரு என்ன"ன்னு கேட்டேன். "மாரி, வேற என்ன?" "அப்ப வாரின்னீங்களே?" "அது அவள கூப்பிடறதுக்கு."

ஒரு செகண்ட்தான். எனக்கு ஒன்பதாம் வகுப்பு தமிழய்யா முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை. முருகன் வந்தான், ஆனா கூப்பிட்டா முருகா. கண்ணன்னா கண்ணா. நாம கூப்பிடும்போது பேரோட வால மாத்துறோம், இவங்க தலைய மாத்துறாங்க. காலிக்ல ஒருத்தர நேரா கூப்பிட்டா பெரும்பாலும் பேரோட மொத எழுத்து நெகிழ்ந்துடும், அத காட்டத்தான் ஹெச். எம்மோட ஹெச் சேந்தா வ, பி (b) ஓட சேந்தாலும் வ, எஸ், டி (t) ரெண்டுல எதோட சேந்தாலும் ஹ, எஃப் ஓட சேந்தா சத்தமே போயிடும். நம்ம ஆய்தம் இருக்குல்ல, ப முன்னாடி நின்னு ஃப ஆக்குது, அந்த வேலைதான், என்ன ஹெச் பின்னாடி நிக்குது. காலிக்குக்கு மொத்தமே 18 எழுத்துதான், நமக்கு மெய்யெழுத்து மட்டுமே 18, இருக்கிற கொஞ்ச எழுத்துலயே இத்தன சத்தம் வரணும்னா இப்படித்தான் எதையாவது பண்ணியாகணும். அட்டைல அத்தை எழுதினது "மாரிக்கு"ன்னு இல்ல. "வா வா, என் குட்டி மாரியே"ன்னு. நான் ஆபீஸ்ல போய் மாரியேங்கிறதப் பேரா பதிஞ்சிட்டு வந்திருக்கேன்.

சர்டிபிகேட்ட பையில இருந்து எடுத்துக் குடுத்தேன். மாமியார் கண்ணாடி போட்டுப் படிச்சாங்க. ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சுப் போய் கெட்டில்ல தண்ணி வச்சாங்க. இவர் பாத்துட்டு சிரிச்சார். சிரிச்சதோட விடாம "நான்தான் ஹெச் இல்லாம அனுப்பிருந்தேனே"ன்னார். அன்னைக்கு நான் அவர பேசின பேச்சு காலிக்லயும் இல்ல இங்கிலீஷ்லயும் இல்ல, சுத்தமான திருநெல்வேலி. நீ கடல்ல உக்காந்துட்ட, நான் தையலோட மழையில ஒத்தையா போனேன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். பேர் ஒரு சாக்குதான்னு இப்ப தெரியுது. அத்தைதான் டீயோட வந்து சொன்னாங்க, நீ மொத ஆள் இல்ல, ஹேமிஷ்னு ஊர் பூரா பேர் இருக்குல்ல, அது எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? ஷேமஸ்ங்கிறவன ஆள் கூப்பிட்டா "ஆ ஹேமிஷ்". காலிக் தெரியாதவங்க அத கேட்டு அதையே பேர்னு நெனச்சுக்கிட்டாங்க. நீ வச்ச வாரியும் அப்படித்தான், ஸ்காட்லாந்துல எத்தனையோ பேருக்கு அது பேர்தான், நல்ல பேர்தான்னாங்க. உண்மைதான். ஹெச் வச்ச பேர் தப்பு கிடையாது, அத வச்சுகிட்டு சந்தோஷமா இருக்கிறவங்க நெறைய, அதுலயும் சிலர் அத மாரின்னே சொல்லிக்கிறாங்க, அது இன்னும் கொழப்பம். ஆனா எனக்கு வேணும்ங்கிறது ஆச்சி பேரு. பூசை ரூம்ல போய் உக்காந்தவளுக்கு வாரின்னு சொல்ல முடியுமா?

மாத்துறதுன்னு முடிவு பண்ணோம். ஸ்காட்லாந்துல பொறப்புப் பதிவுலயே பேர மாத்தலாம், அதுக்கு ஒரு ஃபார்ம், எங்களுக்கு 40 பவுண்ட் ஆச்சு. பெற்றோர் உரிமை உள்ள ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். கவனிக்க வேண்டியது, 16 வயசுக்குள்ள மொதல் பேர ஒரே ஒரு தடவதான் மாத்திப் பதிய முடியும், அதனால ரெண்டாவது தடவ தப்பு விட்டா அவ்ளோதான். நான் வீராவேசமா முடிவு பண்ணது இவர் மறுபடி மேடைக்குப் போன அன்னைக்கு. ஃபார்ம் வச்சுகிட்டு மூணு வாரம் காத்திருந்தேன். அப்புறம் புது சர்டிபிகேட், அப்புறம் புது பாஸ்போர்ட், மறுபடி 49. பழைய பாஸ்போர்ட் போனதோட அந்த நம்பர்ல எடுத்த விசாவும் போச்சு. புது பாஸ்போர்ட் கைக்கு வர்றதுக்குள்ள டிக்கெட் தேதி தாண்டிடுச்சு, விலை கம்மின்னு திருப்பித் தராத டிக்கெட்டா போட்டிருந்தேன். பலகை, போர்வை எல்லாம் சேத்தா எழுநூறு பவுண்ட் பக்கம் நஷ்டம். காச விடுங்க, ஆடிக் கொடை போச்சு. ஆச்சி அந்த வருஷம் பேத்தி மகள மடில வச்சு பேர் விடணும்னு புதுச் சேலை எடுத்து வச்சிருந்தா.

இதுல நான் பண்ண பெரிய முட்டாள்தனம் ஹெச் கூட இல்ல, அவசரம். பாஸ்போர்ட் செல்லும், விசா செல்லும், டிக்கெட் இருக்கு. அப்படியே ஊருக்குப் போய் கொடைய முடிச்சிட்டு வந்து நிதானமா மாத்திருக்கலாம். நாலு மாசம் தப்பான எழுத்தோட இருந்தா பிள்ளைக்கு என்ன கொறஞ்சு போகுது? அன்னைக்கு அத சொல்ல பக்கத்துல ஆள் இல்ல, எனக்கும் அந்தத் தாள பாக்கப் பாக்க உடம்பெல்லாம் எரிஞ்சுது. நீங்க இந்த நெலமைல இருந்தா மொதல்ல பயணத்த முடிங்க. இன்னொண்ணு, ஓசிஐ கார்டுக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நம்ம வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கிற கார்டு) போடுறதா இருந்தா பேர் விவகாரம் எல்லாம் முடிஞ்ச பிறகு போடுங்க. அங்க பொறப்பு சர்டிபிகேட்டும் பாஸ்போர்ட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும், நான் அத மட்டும் நல்லவேளையா அப்ப தொடல.

புதுசா பதியும்போது ஏ மேல சாய்கோடும் போட்டோம். அது வெறும் அலங்காரம் இல்ல, நம்ம துணைக்கால் மாதிரி, இருந்தா மாரி இல்லாட்டி மரி. ஸ்காட்லாந்துல இப்ப இடது மேல இருந்து வலது கீழ இறங்குற கோடு மட்டும்தான், எதிர்ப்பக்கம் சாஞ்சா அது ஐரிஷ். பதிவுல போட்டுக் குடுத்தாங்க. ஆனா பாஸ்போர்ட் அடில மெஷின் படிக்கிற ரெண்டு வரி இருக்குல்ல, அதுல பேருக்கு ஏ முதல் இசட் வரைக்கும் வெறும் எழுத்துதான், கோடு கீடு வராது. அதனால டிக்கெட் போடும்போது கோடு இல்லாம போடுங்க. டாக்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர் அந்த எழுத்துக்குப் பதிலா ஒரு கேள்விக்குறி போட்டு எங்களுக்கு லெட்டர் அனுப்புது, மூணு வருஷமா. அத நாங்க கண்டுக்கிறதில்ல.

குடும்பப் பேர்லயும் ஒண்ணு இருக்கு, சுருக்கமா சொல்லிடுறேன். மேக்னு ஆரம்பிக்கிற குடும்பப் பேர் இங்கிலீஷ்ல ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணுதான், ஆனா காலிக்ல மேக்னா மகன், பொண்ணுக்கு நிக். காலிக் மீடியம் ஸ்கூல்ல சேத்தா பொண்ணு பேர நிக்னு எழுதலாம். அத பதிவுல கொண்டு போய் வச்சீங்கன்னா ஏர்போர்ட்ல அப்பாவுக்கு ஒரு குடும்பப் பேர் பொண்ணுக்கு ஒண்ணான்னு கேப்பான். நம்ம இனிஷியல் கொழப்பமே போதும்னு நாங்க அந்தப் பக்கமே போகல.

அந்தத் திருச்சிப் பொண்ணுகிட்ட நான் கடைசியா சொன்னது இதுதான். பேர எழுத்துல பாத்து முடிவு பண்ணாத, காதுல கேளு. லேர்ன்காலிக்னு ஒரு இணைய அகராதி இருக்கு, சொல்லப் போட்டா ஆள் பேசின ஒலியே வரும். எனக்கு அது தெரிஞ்சது எல்லாம் முடிஞ்ச பிறகு. டூயோலிங்கோங்கிற மொழி கத்துக்கிற ஆப்ல காலிக் வந்ததே அந்த வருஷம் நவம்பர் கடைசிலதான். அதவிட மேல, குடும்பத்துல காலிக் பேசுற பெருசு யாராவது உயிரோட இருந்தா அவங்கள வீடியோல போட்டு மூணு வாக்கியம் சொல்லச் சொல்லு. "இவ பேரு இன்னது", "இன்னது தூங்குறா", "இன்னதே, இங்க வா". மூணுலயும் பேர் ஒரே மாதிரி வருதான்னு பாரு. அப்புறம் உங்க அம்மாவ போன்ல அதே பேர சொல்லி நாலு தெருவுக்குக் கேக்கிற மாதிரி கூப்பிடச் சொல்லு, மெதுவா இல்ல, சாப்பாட்டுக்குக் கூப்பிடுற மாதிரி. அங்கதான் அயிலையும் எலியும் வெளிய வரும். எழுத்த குடும்பத்துல ஒருத்தர்கிட்ட குறிப்பிட்டு "பதிவுக்கு எழுத வேண்டிய வடிவம் இதுதானா"ன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோ. வாழ்த்து அட்டைய நம்பாத.

ஆச்சிய பாக்க டிசம்பர்லதான் போக முடிஞ்சுது. மடில வச்சு காதுல மூணு தடவ சொன்னா. அந்த ஃப்ளெக்ஸ் வீணாப் போகல, எங்க வீட்டு மாட்டுத் தொழுவத்துல வெயில் மறைக்கக் கட்டியிருக்கு, மாடு தல ஆட்டுறப்பல்லாம் "மஹைரி" ஆடும். இத எழுதுறப்ப பாப்பாவுக்கு மூணு வயசு. அத்தை போன்ல வாரின்னு கூப்பிட்டாலும் திரும்புறா, அம்மா மாரின்னு கூப்பிட்டாலும் திரும்புறா, நர்சரில ஒரு டீச்சர் மேரின்னு கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கிறா.

ரெண்டாவது இப்ப ஏழாம் மாசம், பையன்னு சொல்லிட்டாங்க. இந்தத் தடவ இவர் லீவு முன்கூட்டியே சொல்லி வாங்கியாச்சு. தாத்தா பேர் வரிசைல முர்டோ நிக்குது, லூயிஸ்ல தடுக்கி விழுந்தா முர்டோ. எனக்கு அது மர்டர் மாதிரி காதுல விழுதுன்னு தயங்கினேன், எங்க அப்பா உடனே குஷியாகி "முர்டோன்னா என்ன, முருகன்தானே, நான் முருகான்னு கூப்பிட்டுக்கிறேன்"னுட்டார், ஆறுபடை வீட்டுக்கும் வேண்டிக்கிட்டாராம். நான் இந்தத் தடவ உஷாரா அத்தைக்கு போன் போட்டு, பேர் காலிக்ல எப்படி, கூப்பிட்டா எப்படின்னு கேட்டேன். கூப்பிடும்போது "ஆ வுருகி"யாம். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.